காற்று பளு தூக்கட்டும்: தொடக்கப்பள்ளியில் காற்றாற்றல் பாடம்

காற்றாலை என்ன செய்கிறது என்று கேட்டால், "காற்று வீசுகிறது" என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் மின்விசிறியைப் பார்த்து வளர்ந்தவர்களிடமிருந்து இந்தப் பதில் வருவதில் வியப்பில்லை. ஆகவே மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடத்தை மின்சாரத்திலிருந்து தொடங்காமல், காற்று ஒரு பொருளைத் தூக்கும் என்பதைக் கண்ணால் காட்டித் தொடங்குவதே நல்லது.

முதல் நாள் பனை ஓலையிலோ தடித்த தாளிலோ காற்றாடி செய்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்திச் சுழல விடலாம். முள்ளின் கூர்முனையை ஆசிரியரே ஒடித்துவிட வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும்.

அடுத்த நாள் செய்ய வேண்டியதுதான் பாடத்தின் உயிர்நாடி. ஓலைக் காற்றாடியில் முள் நிற்க, இதழ் மட்டும் சுழலும். இப்போது அச்சும் சேர்ந்து சுழல வேண்டும். எனவே மெல்லிய மூங்கில் குச்சியை உறிஞ்சுகுழல் ஒன்றினுள் நுழைத்து, குழலை மேசை விளிம்பில் ஒட்டி, குச்சியின் ஒரு முனையில் அட்டைக் காற்றாடியைப் பசையால் இறுகப் பொருத்தி, மறு முனையில் நூல் கட்டிக் காகிதக் குவளையைத் தொங்கவிட வேண்டும். வலைக்கூடு உள்ள மேசை விசிறியை ஆசிரியர் இயக்கினால், நூல் சுற்றிக்கொள்ள, குவளை மேலேறும். குவளையில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டு, எத்தனை வரை தூக்குகிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும். பிறகு இதழ்களின் சாய்வை மாற்றுங்கள். சாய்வே இல்லாமல் தட்டையாக வைத்தால் காற்றாடி ஏன் அசையவில்லை என்ற கேள்வி தானாக எழும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள்.

மின்சாரம் இதற்குப் பின்னரே வரட்டும். பழைய பொம்மையின் சிறு மோட்டாரில் சிவப்பு எல்.இ.டி. விளக்கை இணைத்து, அச்சில் நூலைச் சுற்றி வேகமாக இழுத்தால் விளக்கு மின்னும். மின்னாவிட்டால் கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள். அட்டைக் காற்றாடியின் மெதுவான சுழற்சிக்கு விளக்கு பெரும்பாலும் எரியாது என்பதால், அதை வகுப்பில் முயன்று ஏமாற வேண்டாம். மின்சாரம் தந்தால் சுழலும் மோட்டாரே, சுழற்றினால் மின்சாரம் தருகிறது என்பதைக் கண்டதும் விசிறிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி ஊருக்கு வரலாம். கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்குக் காரணம், தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகமெடுப்பதே. குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் நீர் பீய்ச்சுவதைக் காட்டினால் ஓரளவு விளங்கும். காற்றின் வேகம் 2 மடங்கானால் அது ஒரு நொடியில் கொண்டுவரும் ஆற்றல் 8 மடங்காகும் என்பதை ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் சொன்னால் போதும்.

ஆடியில் அம்மியையே நகர்த்தும் என்று சொல்லப்படும் காற்று, கார்த்திகையில் என்ன ஆகிறது? பள்ளி வேப்பமரத்தில் துணி நாடா ஒன்றைக் கட்டி, அது தொங்குகிறதா, அசைகிறதா, பறக்கிறதா என்று நாள்தோறும் குறித்துவரச் செய்யுங்கள். இரு மாதங்களின் குறிப்பேடுகளையும் அருகருகே வைத்து, காற்றில்லாத நாளில் விளக்கு எப்படி எரிகிறது என்று அவர்களே விவாதிக்கட்டும்.