சலங்கை மணிகளை மேக்னடிக் பாலிஷரில் பளபளப்பாக்குவது எப்படி? (உள்ளே பின் சிக்காமல்)

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த மெஷின் தெரிந்திருக்கும். கீழே மோட்டார், அது சுழற்றும் காந்தத் தட்டு, மேலே பிளாஸ்டிக் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீரும் ஊசி போன்ற ஸ்டீல் பின்களும். தட்டு சுழலும்போது பின்கள் துள்ளித் துள்ளிப் பொருளைத் தட்டும். கை போகாத இடுக்குகூட மின்னும். வெள்ளிக்கு வாங்குகிற இதே மெஷினில் கறுத்துப்போன பித்தளைச் சலங்கை மணிகளையும் போடலாம்.

பட்டறையில் கேட்டு வாங்கிப் போட நினைக்காதீர்கள், தர மாட்டார்கள். அவர்கள் கழுவிய தண்ணீரில்கூட வெள்ளித் துகள் இருக்கிறது, அதைச் சேர்த்து வைத்து மீட்பார்கள். அதில் பித்தளை கலந்தால் யாருக்குப் பிடிக்கும்? மெஷின் சொந்தமாக இருந்தாலும் பித்தளைக்குத் தனிப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மணிகளைத் தோலிலிருந்தோ துணியிலிருந்தோ நூலை வெட்டிப் பிரித்து எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போக வெந்நீரும் சோப்பும் போதும். புது மணி என்றால் கறுக்காமல் இருக்க மேலே லாக்கர் என்ற கண்ணாடி போன்ற பூச்சு பூசியிருக்கலாம். அதைத் தின்னரில் துடைக்காவிட்டால் பின்கள் லாக்கரை மட்டும்தான் தட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்தது அடைப்பு. என்னை அதிகம் படுத்தியது இந்த வேலைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மணியின் வாய்ப் பிளவு வழியாகப் பின் சுலபமாக உள்ளே போய்விடும், வெளியே வராது. குறுக்கே விழுந்தால் பிளவு அகலமாக இருந்தும் பயனில்லை. காந்தம் வைத்து இழுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல சலங்கை மணிகளுக்குள் இருப்பது இரும்புக் குண்டு. காந்தத்தை வாயருகே கொண்டுபோனால் முதலில் ஓடி வருவது அந்தக் குண்டுதான். அது பிளவை அடைத்துக்கொள்ள, பின்கள் அதன் பின்னால் நிற்கும். அதனால் மெஷினில் போடுமுன்பே காடாத் துணியைக் கீற்றாகக் கிழித்து, தட்டையான ஸ்க்ரூடிரைவரால் பிளவுக்குள் இறுக்கமாகத் திணித்துவிடுங்கள். உள்பக்கம் மின்னவில்லை என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்படியும் உள்ளே போனால்? வாளித் தண்ணீருக்குள் வாய் கீழே இருக்கும்படி மணியைப் பிடித்து, மேலும் கீழுமாக வேகமாக உலுக்குங்கள். தண்ணீர் ஓட்டத்தில் பின் தானே நழுவி வரும். குண்டு பித்தளையாக இருந்தால் மட்டும் காந்தம் உதவும். எந்தக் குண்டு என்று அறிய, மணிக்கு வெளியே காந்தத்தை நகர்த்திப் பாருங்கள்; இரும்பென்றால் குண்டும் கூடவே நகரும். கடைசியாகக் காதருகே ஆட்டிக் கேளுங்கள். சத்தத்தோடு ஒரு சரசரப்பு வந்தால் இன்னும் பின் இருக்கிறது. அதை அப்படியே விட்டுத் தைத்தால் ஆடும்போது வெளியே வந்து காலைக் குத்தும்.

சரி, மெஷின். மணிகள் மூழ்கி மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நின்றால் போதும். கிண்ணத்தை மணிகளால் நிரப்பாதீர்கள். அவை புரள இடம் வேண்டும். பின் 0.5 மி.மீ. தடிமன் இருந்தால் கறை சீக்கிரம் போகும். 0.3 மி.மீ. பின்னில் நுணுக்கம் நன்றாக வரும், ஆனால் வளைந்துபோகும், பிளவுக்குள்ளும் எளிதாக நுழையும். மணிக்கு நான் 0.5தான் போடுவேன்.

தண்ணீரில் என்ன கலப்பது? கடையில் விற்கும் பாலிஷ் திரவத்தைவிட எனக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர்தான் பிடிக்கும். புளி, எலுமிச்சை போட்டால் வேகமாக வெளுக்கும், உண்மைதான். ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. புளிப்பில் அதிக நேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து, மணியில் செம்புநிறம் தட்டிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு பக்கம், அப்புறம் அதே அளவு எதிர்ப்பக்கம் சுழல விடுங்கள். ஆழமான கீறல் இதில் போகாது. அதற்குச் சுழலும் துணிச் சக்கரத்தில் தேய்க்கும் பஃபிங்தான். செல்போன், ஏடிஎம் கார்டு பக்கத்தில் வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மெஷின் அருகே வரவே கூடாது.

துணியைப் பிடுங்கிவிட்டு அலசுங்கள். சேலத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! மாக்னசைட் என்ற மக்னீசியத் தாது வெட்டி எடுக்கிற ஊர், தண்ணீரில் உப்பு அதிகம். அதில் அலசிக் காயவைத்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடைசி அலசலுக்கு மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். உடனே ஹேர் டிரையரால் வாய் வழியாகக் காற்று அடித்து, பிறகு வெயிலில் வையுங்கள். இரும்புக் குண்டு ஈரத்தோடு இருந்தால் துருப்பிடித்து, பிளவு வழியாகச் செந்நீர் வடியும்.

பின்சேர்க்கை: தோலோடு சேர்த்தே போடலாமா என்று சிலர் கேட்டார்கள். கூடாது. தோல் ஊறிச் சுருங்கும், தையலில் பின் சிக்கும், அந்தப் பின்னைத் தேடுவது மணியில் தேடுவதைவிட மோசம். கிண்ணத்தில் மிஞ்சும் கறுப்புத் தண்ணீரில் செம்பு இருப்பதால் செடிக்கும் ஊற்றாதீர்கள்.