செருப்பை வாசலில் விடாதீர்கள்: சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்தவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பலதுறை மருந்தகத்தில் கால் பரிசோதனைக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, 40 வயதுகூட இருக்காது. பாதத்தில் கட்டு, சிறப்புக் காலணி. "மருந்தெல்லாம் ஒழுங்காத்தான் போடுறேண்ணே, ஆறவே மாட்டேங்குது" என்றார். 12 ஆண்டுக்கு முன் நானும் இதையே சொன்னேன். என் இடது காலில் இப்போது மூன்று விரல்தான்.

சர்க்கரையைக் குறையுங்கள், சிகரெட்டை விடுங்கள், தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில் நடக்காதீர்கள் என்பதையெல்லாம் தாதி சொல்வார், மனைவியும் சொல்வார். நான் வேறு சொல்கிறேன்.

காலணியை வாசலில் கழற்றுவது

எனக்குப் புண் பெருவிரலுக்குக் கீழே. முன்பாதம் தரையில் அழுந்தாமல் எடை குதிகாலில் இறங்கும்படி ஒரு காலணி கொடுத்தார்கள். வெளியே போகும்போது தவறாமல் போட்டேன். திரும்பியதும் அது கம்பிக் கதவுக்கு வெளியே, செருப்பு அடுக்கில். சாமி மேடை இருக்கிற வீட்டுக்குள் செருப்பா?

ஆனால் மருத்துவ விடுப்பில் இருப்பவன் வேறு எங்கே நடப்பான்? சமையலறை, கழிப்பறை, ஜன்னல். ஒவ்வொரு அடிக்கும் புண்மேல் உடம்பு எடை. நரம்பு மரத்துப்போயிருந்ததால் வலி இல்லை. வலித்திருந்தால் நொண்டியிருப்பேன், நொண்டியிருந்தால் பாதியாவது ஆறியிருக்கும். புதுத்தோல் வளர வளர நானே மிதித்துக் கிழித்திருக்கிறேன்.

6-வது வாரம் கிருமி எலும்புக்குப் போய்விட்டது. அன்றைக்குத் தாதி காலணியைத் திருப்பி அடியைப் பார்த்தார். "தேயவே இல்லையே, அங்கிள்?"

இப்போதும் அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஈரத்துணியால் அடியைத் துடைத்திருந்தால் போதுமே! இல்லை, வீட்டுக்கென்று இன்னொரு ஜோடி கேட்டிருக்கலாம். சாமி மேடைக்குக் கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டுக் கும்பிட்டிருக்கலாம். நடு இரவில் கழிப்பறைக்குப் போகும் நாலு அடிக்கும் அதைப் போடவேண்டும்.

அந்தத் தம்பியிடம் "வீட்டுக்குள்ள போடுறீங்களா?" என்றேன். "வீட்டுக்குள்ளயா?" என்று சிரித்தார்.

கால் ஆணிக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டர்

அதில் அமிலம் இருக்கிறது. ஆணியோடு நல்ல தோலையும் அரிக்கும்.

வெந்நீரில் கால் ஊறவைப்பது

வேண்டாம்.

ஆண்டுப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது

10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் நைலான் இழையால் பாதத்தில் தொடுவார்கள். தொட்டால் சொல்லவேண்டும், அவ்வளவுதான். புண் வருவதற்கு முன் நான் போனது ஒரே ஒரு தடவை. கண்ணை மூடிக்கொண்டு, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

தாதி முடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார்.