இஞ்சி பியருக்குச் சீனி போடும் கணக்கு

திருகோணமலைச் சூட்டில் இஞ்சி பியர் போடுபவர்களுக்குப் போத்தல் வெடித்துவிடுமோ என்பதுதான் முதல் பயம். பழியை ஈஸ்ட் மேல் போடுவார்கள். பார்க்கவேண்டியது சீனியை. 1 கிராம் சீனி முழுக்கப் புளித்தால் கால் லிட்டருக்குச் சற்று மேல் வாயு வரும். சோடா மாதிரி நன்றாக நுரைக்க, லிட்டருக்கு 10 முதல் 12 கிராம் புளித்தாலே போதும். இனிப்புக்காக நாம் போடுவதோ லிட்டருக்குச் சுமார் 90 கிராம். மிச்சத்தை ஈஸ்ட் தானாக விட்டுவைக்காது. நேரம் பார்த்துக் குளிரில் வைத்தால்தான் அடங்கும்.

2 லிட்டர் பிளாஸ்டிக் சோடாப் போத்தலுக்கு 180 கிராம் சீனி, 100 கிராம் இஞ்சி, 3 தேசிக்காய். இஞ்சியைத் துருவி, அரை லிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சூட்டோடே சீனியைப் போட்டு ஒரு சீனிமணிகூட மிஞ்சாமல் கரையுங்கள். அடியில் தங்கும் சீனி பிறகு மெதுவாகக் கரைந்து, கணக்கைப் பிசகாக்கிவிடும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதை எடுக்கவேண்டாம்.

வடித்து, கொதித்தாறிய தண்ணீர் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே தேசிப்புளியும் ஈஸ்டும். 40 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் நலியும், 55இல் செத்துவிடும். நுரையே வராத போத்தல்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். இல்லையென்றால் பழைய ஈஸ்ட், அல்லது இறுகாத மூடி. பாணுக்குப் போடும் உலர் ஈஸ்ட் கால் தேக்கரண்டியில் பாதி போதும். கூடினால் பாண்மா வாடை அடிக்கும்.

மேலே 5 சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டு, மூடியை இறுக்கி, நிழலில் வையுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டவே வேண்டாம்: அமுக்கிப் பார்க்கவும் முடியாது, வெடித்தால் கண்ணும் கையும் போகும். பிளாஸ்டிக் என்றால் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். முதலில் பள்ளம் விழும். விரல் உள்ளே போகாமல் கல்லுமாதிரி நின்றால் உடனே பிரிட்ஜுக்குள். மாரி காலத்தில் இதற்கு ஒன்றரை, இரண்டு நாள் பிடிக்கலாம். கச்சான் என்ற சூட்டுக் காற்று வீசும் நாளில் ஒரு நாளுக்குள்ளேயே இறுகிவிடும், ஆகவே 12 மணித்தியாலத்திலிருந்தே அடிக்கடி பாருங்கள்.

ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு மெல்லத் திறவுங்கள். குளிர்ந்தால்தான் வாயு நீரில் கரைந்து நிற்கும். அடியில் படிந்திருப்பது ஈஸ்ட், அதைக் கலக்காமல் ஊற்றுங்கள். பிரிட்ஜிலும் புளிப்பு மெதுவாக நடக்கும். இரண்டு நாளுக்கொருமுறை மூடியைத் தளர்த்தி இறுக்கி, ஒரு வாரத்துக்குள் குடித்து முடியுங்கள். நீண்ட நேரம் கரண்ட் போனால் முதலில் செய்யவேண்டியதும் மூடியைத் தளர்த்துவதுதான்.

பனங்கட்டி பிடித்தவர்கள் சீனியில் கால்வாசிக்குப் பதில் அதைப் போடலாம். கரைத்து வடித்த பிறகே சேர்க்கவேண்டும், மண்டி இருக்கும். முழுக்கப் பனங்கட்டி போட்டால் இஞ்சியே தெரியாது.

குழந்தைகளுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க: லிட்டருக்கு 12 கிராம் சீனி புளித்தால் 1 வீதத்துக்குச் சற்றுக் குறைவாக மதுசாரம் இருக்கும். நாள் போகப் போக அது கூடும்.