ஏரிக்கரை கேபினுக்கு விறகு கொண்டுபோகாதீர்கள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் டீப் க்ரீக் ஏரிக்கரையில் வார இறுதிக்குக் கேபின் (வாடகை விடுமுறை வீடு) எடுப்பவர்கள் வீட்டு விறகைக் காரில் ஏற்றிச் செல்ல வேண்டாம். பட்டைக்கு அடியில் எமரால்டு ஆஷ் போரர் வண்டின் புழு இருக்கலாம், வெளியே தெரியாது. ஆஷ் மரங்களைக் காடு காடாகச் சாகடிப்பது அதுதான்; விறகோடு புது இடத்துக்கும் பரவிவிடும். கேபினுக்குப் பக்கத்திலேயே வாங்குங்கள், மிஞ்சியதை அங்கேயே எரித்துவிடுங்கள். ஈர விறகு புகைதான் தரும்: காய்ந்த விறகென்றால் முனைகளில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், இரண்டைத் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். தணலை மண் போட்டு மூடினால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்; தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். தொட்டால் சூடே இருக்கக்கூடாது. பக்கத்து ஸ்வாலோ ஃபால்ஸ் ஸ்டேட் பார்க்கில் 53 அடி மடி க்ரீக் அருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள்; கோடையில் வண்டி நிறுத்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.