ஆழமான பள்ளத்தில் மண் சரிவைத் தடுப்பது எப்படி?

சாரத்தில் ஏறத் தயங்குகிற தொழிலாளிகூட, அஸ்திவாரத்துக்கோ குழாய் பதிக்கவோ தோண்டிய பள்ளத்துக்குள் யோசிக்காமல் இறங்கிவிடுவார். ஆனால் ஒரு கன மீட்டர் மண்ணின் எடை சுமார் ஒன்றரை டன். ஈரமேறினால் இன்னும் கூடும். மார்பளவு புதைந்தவர் தலை வெளியே இருந்தாலும் பிழைப்பது உறுதியில்லை. அவர் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் மண் மேலும் இறுகி, அடுத்த மூச்சை இழுக்கவிடாமல் செய்துவிடும்.

ஆகவே 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள பள்ளத்தில், பக்கங்களைச் சாய்த்து வெட்டாமலோ முட்டுக் கொடுக்காமலோ யாரையும் இறக்கக் கூடாது. மண் தளர்வாக இருந்தால் அதைவிடக் குறைந்த ஆழத்துக்கும் இது பொருந்தும். குனிந்து வேலை செய்பவரை மூட ஒரு மீட்டர் பள்ளமே போதும்.

இடம் இருந்தால் சாய்த்து வெட்டுவதே எளிது. மணலிலும், முன்பு தோண்டி மூடிய மண்ணிலும், ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் பக்கவாட்டில் 1.5 மீட்டர் சாய்வு வைக்க வேண்டும். கெட்டியான களிமண்ணுக்குக் குறைவான சாய்வு போதும் என்றாலும், அதை முடிவு செய்ய வேண்டியவர் பொறியாளரே தவிர, அவசரத்தில் இருக்கும் ஒப்பந்ததாரர் அல்லர். காய்ந்த களிமண் சுவர்போல் நிற்பதை நம்பக் கூடாது. அது காயக் காய வெடிக்கும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும்.

சாய்க்க இடமில்லாதபோது பலகையும் குறுக்கு முட்டும் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்க இறங்குபவரே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், முட்டுகளை மேலிருந்து கீழாகவே பொருத்த வேண்டும். அப்போதுதான் அவர் எப்போதும் ஏற்கெனவே தாங்கப்பட்ட பகுதிக்குள் நிற்பார்.

தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பது திரும்பத் தள்ளி மூட வசதிதான். ஆனால் அந்தச் சுமையே சுவரைத் தள்ளும். குறைந்தது 0.6 மீட்டர், முடிந்தால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிக் கொட்ட வேண்டும். லாரியும் பொக்லைனும் இன்னும் விலகியே நிற்க வேண்டும். ஏணி, விளிம்புக்கு மேல் ஒரு மீட்டர் நீட்டியபடி, வேலை செய்பவரிடமிருந்து 7.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும். தண்ணீர் இறைக்க, பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு பள்ளத்துக்குள் தேங்கிவிடும்.

தினமும் வேலை தொடங்கும் முன்பும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அனுபவமுள்ள ஒருவர் பள்ளத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். விளிம்புக்கு இணையாக ஓடும் மெல்லிய வெடிப்பு, சுவரின் நடுவே சிறு புடைப்பு, அடியில் நீர்க்கசிவு, காரணமில்லாமல் உதிரும் மண் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் எல்லோரையும் உடனே மேலே ஏற்றிவிட வேண்டும்.

அப்படியும் சரிந்துவிட்டால், தீயணைப்புத் துறையை அழைத்துவிட்டு, வண்டிகளை நிறுத்தி, கூட்டத்தை விளிம்பிலிருந்து விலக்க வேண்டும். காப்பாற்றக் குதிப்பவர் மேல் இரண்டாவது சரிவு விழக்கூடும். பொக்லைன் வாளியோ புதைந்தவரையே வெட்டிவிடும்.

வேலை முடிந்து முட்டுகளைக் கழற்றும்போது வரிசை தலைகீழாகும்: அடியிலிருந்து தொடங்கி, மண்ணை நிரப்பிக்கொண்டே, ஒவ்வொன்றாக மேல்நோக்கி எடுத்துவர வேண்டும்.