புதுச்சேரிக் கட்டட மாடலில் 10 டிகிரி தண்ணீர்: சுடுதண்ணீர்க் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டடத்தின் ஆற்றல் செலவைக் கணினி மாடல் போட்டுக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் மென்பொருளில் குழாய்த் தண்ணீரின் வெப்பநிலையைக் கொடுக்காமல் விட்டால், அது ஆண்டு முழுக்க 10 டிகிரி செல்சியஸ் என்று தானாகவே எடுத்துக்கொள்ளும். புதுச்சேரியிலோ கடலூரிலோ மார்கழி விடியற்காலையில்கூட அவ்வளவு குளிர்ந்த தண்ணீர் குழாயில் வராது. ஆனாலும் மாடல் ஓடிவிடும், அறிக்கையும் ஒழுங்காக வந்துவிடும். நம் ஊர்க் கட்டடங்களுக்கான சுடுதண்ணீர்க் கணக்கில் வருகிற தவறுகள் பலவும் இந்த வகைதான்: குளிர் நாட்டுக்காக வைத்த மதிப்புகளை அப்படியே விட்டுவிடுவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் தண்ணீரை 10 டிகிரியிலிருந்து 50-க்குச் சூடாக்க, இழப்புகளைச் சேர்க்காமலே, 4.65 யூனிட் வேண்டும். 28 டிகிரியிலிருந்து என்றால் 2.56 யூனிட் போதும். ஒயிட் டவுனில் ஒரு தங்கும் விடுதிக்கு முதல் எண்ணை வைத்துச் சோலார் ஹீட்டர் பரிந்துரைத்தால், இல்லாத செலவை மிச்சம் பிடித்ததாகக் காட்டுகிறோம். போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கேட்கிற உரிமையாளருக்கு அது நியாயமில்லை.

காற்றின் சராசரி வெப்பநிலையை வைத்துத் தண்ணீரின் வெப்பநிலையைக் கணிக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. ஆனால் அது அமெரிக்க நகரங்களின் நிலத்தடிக் குழாய்களுக்காக உருவான சூத்திரம். இங்கே தண்ணீர் மொட்டை மாடித் தொட்டியில் வெயில் காய்ந்துவிட்டு வருகிறது. மே மாத மதியத்தில் குழாயைத் திறந்தால் கை சுடும். அதனால் ஒரு தெர்மாமீட்டரோடு போய், விருந்தினர்கள் குளிக்கிற நேரமான காலை ஆறு, ஏழு மணிக்கு அளந்து, மாதவாரியாக அட்டவணை கொடுப்பதே நல்லது.

அடுத்தது கலவை. ஷவரில் வேண்டியது 40 டிகிரி, தொட்டியில் இருப்பது 60. பச்சைத் தண்ணீர் 28 டிகிரி என்றால் கலவையில் சுடுதண்ணீரின் பங்கு 37.5 சதவீதம்தான்; 10 டிகிரி என்று வைத்தால் 60 சதவீதம் ஆகிவிடும். தொட்டியின் கொள்ளளவு வரை பிசகும். ஷவரின் மொத்த ஓட்டத்தையும் 60 டிகிரித் தண்ணீராகவே கணக்கில் ஏற்றுவது இன்னும் மோசம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று தொட்டியை 45 டிகிரியில் வைத்து மாடல் செய்கிறார்கள், அதையும் நான் ஏற்கமாட்டேன். தண்ணீரில் வளர்ந்து நுரையீரல் நோய் தரும் லெஜியோனெல்லா கிருமி அந்தச் சூட்டில் சாகாது. அப்புறம், ஓட்டத்தைக் கன மீட்டர்/விநாடி அலகில் கேட்பார்கள்: நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் 0.0001. ஒரு சுழியம் தவறினால் பத்து மடங்கு வித்தியாசம்.

அறையைச் சூடாக்கும் பாய்லர் விஷயத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஆயத்த டெம்ப்ளேட்டில் ஏசி அமைப்பை எடுத்தால் சுடுதண்ணீர் ரீஹீட் காயிலும் (குளிர்ந்த காற்றை மறுபடி சூடாக்கும் சுருள்) பாய்லரும் சேர்ந்தே வருவதுண்டு. அலுவலகக் கட்டடத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் மே மாதத்தில்கூட பாய்லர் ஓடுவதாக அறிக்கை சொல்லும். காரணம் வெளிக்குளிர் அல்ல. ஏசி தருகிற 13 டிகிரிக் காற்றை, மாடலில் வைத்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே குறைக்க முடியாமல் ஆளில்லாத அறைக்கும் அனுப்பி, அறை அதிகம் குளிர்ந்ததும் மாடல் அதே காற்றைச் சூடுபண்ணுகிறது. அங்கே பாய்லரை எடுத்துவிடுங்கள், குறைந்தபட்சக் காற்றளவையும் பாருங்கள்.

ஆனால் ‘நம்ம ஊருக்கு எதற்கு ஹீட்டிங்’ என்று எல்லா இடத்திலும் எடுத்துவிடக் கூடாது. அறுவை அரங்கில் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். கடற்கரைக் காற்றின் ஈரத்தைப் பிழிய அதை நன்றாகக் குளிர்வித்து, பிறகு அறைக்குத் தகுந்த சூட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ரீஹீட் இல்லாத மாடலில் மின்செலவு குறைவாகத் தெரியும், மணிவாரி ஈரப்பதத்தை எடுத்துப் பார்த்தால்தான் குட்டு உடையும். அந்தச் சூட்டை பாய்லரிடம் வாங்காமல், சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வெளியே தள்ளுகிற வெப்பத்திலிருந்து எடுக்க முடியுமா என்பதையும் அங்கேயே சோதிக்கலாம்.

சுடுதண்ணீர் பம்பை ‘தொடர்ச்சி’ என்று விட்டால் தேவை இல்லாத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும், தேவைப்படும்போது மட்டும் ஓடும்படி மாற்றிவிடுங்கள். தொட்டி ஏசி அறைக்குள் இருந்தால் அதன் வெப்ப இழப்பு அந்த அறையில் சேர வேண்டும்.

சோலார் தகட்டின் திசையை வடக்கிலிருந்து வலச்சுற்றாக எண்ண வேண்டும், தெற்கு என்பது 180. சுழியம் என்று விட்டால் தகடு வடக்கே பார்க்கும். ஆண்டுக் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்து மூடிவிடவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை பெய்கிற அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே வானம் மூடிக்கிடக்கும், சுடுதண்ணீர் கேட்பவர்களும் அப்போதுதான் அதிகம். துணை ஹீட்டரின் அளவை அறிக்கையில் நவம்பர் மாதத்துக்கான எண்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.