ஆய்வக வேதிப்பொருட்களைப் பிரித்து அடுக்குவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

பல ஆய்வகங்களில் வேதிப்பொருட்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேடி எடுக்க வசதியான முறைதான். ஆனால் அந்த வரிசையில் சோடியம் சயனைடும் சல்ஃப்யூரிக் அமிலமும் ஒரே எழுத்தின் கீழ் வந்துவிடுகின்றன. அமிலம் கசிந்து சயனைடின் மேல் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். சுதாரிப்பதற்குள் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு அது. எங்கள் துறையின் சேமிப்பறையை மாற்றி அடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் கையாண்ட முறையை இங்கே எழுதுகிறேன். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, அங்கி பற்றியெல்லாம் விளக்கப் போவதில்லை. அவை இல்லாமல் அந்த அறைக்குள் நுழையவே கூடாது.

படி 1: நகர்த்துவதற்கு முன் பட்டியல்

எதையும் இடம் மாற்றாதீர்கள். இருக்கும் இடத்திலேயே ஒவ்வொரு பாட்டிலையும் பார்த்து, பெயர், செறிவு, அளவு, வாங்கிய தேதி, திறந்த தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கவே கூடாதவை இந்தச் சுற்றில்தான் கண்ணில் படும். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை அடங்கியிருக்கும். உலர்ந்துவிட்டால் அது வெடிபொருள். மூடியின் திருகில் சிக்கிய படிகம் உராய்ந்தாலே போதும். டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃப்யூரான் போன்றவற்றின் பழைய பாட்டிலில் மூடியைச் சுற்றியோ அடியிலோ படிகம் தெரிந்தால், அது வெடிக்கக்கூடிய பெராக்சைடாக இருக்கலாம். திறக்க வேண்டாம், தூக்க வேண்டாம், குலுக்க வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லுங்கள். அவர் வந்து பார்க்கும்வரை மற்ற வேலையும் நிற்கட்டும்.

படி 2: பாதுகாப்புத் தரவுத் தாள்

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தயாரிப்பாளர் தரும் இந்தத் தாளில் 16 பிரிவுகள் இருக்கும். அடுக்கும் வேலைக்கு முதலில் வேண்டியவை மூன்று: அபாயங்களைச் சொல்லும் 2ஆம் பிரிவு, சேமிப்பைச் சொல்லும் 7ஆம் பிரிவு, எதனோடு எது ஒவ்வாது என்று சொல்லும் 10ஆம் பிரிவு. நான் 10ஆம் பிரிவிலிருந்துதான் தொடங்குவேன்.

அபாயக் குறியீடுகளில் ஒரு ஜோடியை மட்டும் நன்றாகப் பார்த்துப் பழகுங்கள். தீச்சுடர் மட்டும் இருந்தால் அந்தப் பொருள் எளிதில் தீப்பற்றும். ஒரு வட்டத்தின் மேல் தீச்சுடர் இருந்தால் அது ஆக்சிஜனேற்றி, அதாவது மற்றவற்றை எரிய வைக்கும் பொருள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒரே அலமாரியில் சேரவே கூடாதவை இவைதான்.

படி 3: குழு பிரித்தல்

எளிதில் தீப்பற்றும் கரைப்பான்கள், கனிம அமிலங்கள், கரிம அமிலங்கள், காரங்கள், ஆக்சிஜனேற்றிகள், நீரோடு வினைபுரிபவை, கடும் நஞ்சுகள், இவை எதிலும் சேராத சாதாரண உப்புகள் என்று பிரித்தால் பெரும்பாலான ஆய்வகங்களுக்குப் போதும். சோடியம், பொட்டாசியம் ஆகியவை கனிம எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். வெள்ளைப் பாஸ்பரஸ் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். ஆகவே இவற்றை ஒரே பெட்டியில் வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சில தயாரிப்பாளர்கள் லேபிளிலேயே சேமிப்பு நிறம் அச்சிட்டுத் தருகிறார்கள். நான் அதை நம்பி அடுக்குவதில்லை. ஒருவர் ஒரு நிறத்துக்குக் கொடுக்கும் அர்த்தத்தையே இன்னொருவரும் கொடுப்பார் என்ற உறுதி இல்லை. உங்கள் ஆய்வகத்துக்கென்று ஒரு நிறப் பட்டியல் வைத்து, ஸ்டிக்கரை நீங்களே ஒட்டுங்கள்.

படி 4: இரண்டு குழுவில் சேரும் பாட்டில்கள்

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் அதிக நேரம் எடுத்த படி இது.

அடர் நைட்ரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமிலம் என்று பெயரிலேயே இருக்கிறது. பக்கத்தில் கிளேசியல் (ஏறக்குறைய நீரே இல்லாத) அசிட்டிக் அமிலம், அதுவும் அமிலம். இரண்டையும் அமில அலமாரியில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. லேபிளை மறுபடி பாருங்கள். இரண்டிலும் அரிப்புக் குறியீடு இருக்கிறது. அதோடு நைட்ரிக் அமிலத்தில் வட்டத்தின் மேல் தீச்சுடர், அசிட்டிக் அமிலத்தில் வெறும் தீச்சுடர். அசிட்டிக் அமிலத்தின் தீப்பற்று வெப்பநிலை, அதாவது ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும் அளவுக்கு அதன் ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 39 டிகிரி செல்சியஸ்தான். இந்த இரண்டும் கலந்தால் வெப்பம் ஏறும், செம்பழுப்பு நிறத்தில் நைட்ரஜன் டைஆக்சைடு புகை கிளம்பும், வெடிக்கவும் கூடும்.

இப்படிப்பட்ட பாட்டில் கையில் வரும்போது, இது என்ன பொருள் என்று கேட்காதீர்கள். இது எதைச் சந்தித்தால் மிக மோசமான விளைவு வரும் என்று கேளுங்கள். அந்தப் பொருளிடமிருந்து விலக்கி வைக்கும் இடமே இதன் இடம். நைட்ரிக் அமிலத்துக்கு அந்தப் பொருள் எந்தக் கரிமப் பொருளும்தான். ஆகவே அதற்குத் தனி டிரே, முடிந்தால் தனி அலமாரி. அசிட்டிக் அமிலம் தீப்பற்றும் கரைப்பான்களின் அலமாரிக்குப் போகலாம், தன் சொந்த டிரேயில்.

இதே கேள்வியை மற்றவற்றிடமும் கேட்டுப் பாருங்கள். பெர்குளோரிக் அமிலம் மரப்பலகையில் ஊறினால் அந்தப் பலகையே தீ அபாயமாகிவிடும். மர அலமாரியில் அதற்கு இடமில்லை. அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தை பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலிருந்து விலக்குங்கள். இரண்டும் சேர்ந்தால் வெடிக்கக்கூடிய மாங்கனீசு ஹெப்டாக்சைடு உண்டாகும். கரைப்பான்கள் எல்லாம் ஒரே இனம் என்றும் எண்ண வேண்டாம். குளோரோஃபார்மும் அசிட்டோனும் இருக்கும் இடத்தில் காரம் சேர்ந்தால் வினை கட்டுக்கடங்காமல் போகும். குளோரோஃபார்ம், டைகுளோரோமீத்தேன் ஆகியவை சோடியத்தின் அருகேயும் வரக் கூடாது.

படி 5: டிரே

திரவங்கள் அனைத்தும் டிரேக்குள் நிற்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் இன்னொரு குழுவின் திரவத்தைச் சென்று சேரக் கூடாது. டிரேயின் கொள்ளளவு, அதில் நிற்கும் மிகப் பெரிய பாட்டிலின் அளவில் 110 சதவீதமாவது இருக்கட்டும். அமிலங்களுக்கு எஃகு டிரே தருவதை நான் ஏற்கமாட்டேன், கொஞ்ச காலத்திலேயே அரித்துவிடும். ஆழமான பாலிஎத்திலீன் டிரேதான் என் தேர்வு. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் கண்ணாடியையே அரிக்கும் என்பதால் அதற்கு பாட்டிலும் பாலிஎத்திலீன்தான்.

படி 6: உயரமும் இடமும்

அரிக்கும் திரவங்கள் கீழ்த்தட்டில். எந்தத் திரவமும் கண் மட்டத்துக்கு மேலே வேண்டாம். புகை உறிஞ்சும் கூண்டை நிரந்தரக் கிடங்காக்காதீர்கள்; காற்றோட்டம் தடைபடும்.

வீட்டுக்கான ஃப்ரிட்ஜில் ஈதரை வைக்கவே கூடாது. ஈதரின் தீப்பற்று வெப்பநிலை மைனஸ் 45 டிகிரி. ஃப்ரிட்ஜின் குளிரிலும் அதன் ஆவி எழுந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் ஆவி சேர்ந்திருக்கும்போது தெர்மோஸ்டாட்டிலோ விளக்கின் சுவிட்சிலோ ஒரு பொறி போதும். தீப்பற்றும் பொருட்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஃப்ரிட்ஜ் இல்லையென்றால், அந்தப் பொருளை வாங்கும் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தேதி

பெராக்சைடு உண்டாக்கும் கரைப்பான்களில் திறந்த தேதி கட்டாயம். சோதனைப் பட்டை வைத்து அவ்வப்போது பாருங்கள். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் பயன்பாட்டிலிருந்து விலக்குவது பரவலான நடைமுறை. மார்க்கர் பேனாவை விட பென்சில் மேல் என்பேன். அசிட்டோன் ஒரு சொட்டு வழிந்தால் மார்க்கர் எழுத்து நீலக் கோடாகக் கரைந்து இறங்கிவிடும். பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். அதன் மேல் ஒளிபுகும் டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

பாட்டில்களின் கழுத்திலும் அலமாரிக் கண்ணாடியிலும் வெண்பொடி படிகிறது, துடைத்தாலும் மறுபடி வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் ஒரே அலமாரியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டின் ஆவியும் மூடியைத் தாண்டிக் கசிந்து, காற்றில் சந்தித்து, அம்மோனியம் குளோரைடாகப் படியும். டிரே இதைத் தடுக்காது. ஆவி விடும் பொருட்களுக்குத் தனித்தனி அலமாரிதான் தீர்வு.

ஒரே ஓர் அலமாரிதான் இருக்கிறது, என்ன செய்வது என்ற கேள்வி பலமுறை வந்தது. அமிலம் கீழே ஒரு டிரேயில், நைட்ரிக் அமிலம் மட்டும் தன் தனி டிரேயில், உப்புகள் மேல்தட்டில். காரத்தையும் கரைப்பானையும் அந்த அலமாரியிலிருந்து வெளியேற்றுங்கள். கரைப்பானுக்குத் தீத்தடுப்பு அலமாரி கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும்வரை அன்றைய தேவைக்கு மேல் வைக்காதீர்கள்.

கழிவு பாட்டில்களையும் இதே விதிப்படி பிரிக்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். கட்டாயம். நைட்ரிக் அமிலக் கழிவைக் கரிமக் கரைப்பான் கழிவுப் பாட்டிலில் ஊற்றினால் உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். மூடி இறுக்கியபின் உள்ளே வாயு சேர்ந்துகொண்டே போய், ஆள் இல்லாத நேரத்தில் பாட்டில் வெடிக்கும். காலிக் கரைப்பான் பாட்டிலை நைட்ரிக் அமிலக் கழிவுக்குப் பயன்படுத்துவதும் அதே அபாயம்தான். அடியில் தங்கிய கொஞ்சம் எத்தனாலே அதற்குப் போதும். நைட்ரிக் அமிலக் கழிவுக்கு, அதே அமிலம் வந்த பாட்டிலையே ஒதுக்கி, காற்று வெளியேறும் மூடியைப் போடுங்கள்.